பரிசு ஒருவருக்கு, பாடு இருவருக்கு

1976-ம் வருடம். பத்திரிகை உலகின் பெரிய விருதான புலிட்சர், சர்வதேசச் செய்திப் பிரிவில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் சிட்னி ஷான்பெர்க்குக்கு அறிவிக்கப்பட்டது. கம்போடியாவின் தலைநகர் புனோம் பென் கம்யூனிஸ்ட் படைகளிடம் வீழ்ந்தபோது, உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஊரைவிட்டுப் போகாமல் இருந்து செய்தி கொடுத்ததற்காக அந்த விருது. ஷான்பெர்க் அதை வாங்கிக்கொண்டார். ஆனால் தன் சார்பில் மட்டும் வாங்கவில்லை. தன் பெயராலும் டித் பிரான் பெயராலும் ஏற்றுக்கொள்வதாகச் சொன்னார்.

யார் இந்த டித் பிரான்? விருதுப் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. அந்த நேரத்தில் அவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதுகூட வெளியுலகில் யாருக்கும் தெரியாது!

வெளிநாட்டு நிருபர் என்றதும் எல்லோருக்கும் ஒரு படம் மனதில் வரும். கையில் நோட்டுப் புத்தகம், தோளில் பை, பின்னால் புகை, குண்டு சத்தம்... இந்தப் படத்தில் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார். நியூயார்க்கிலிருந்தோ லண்டனிலிருந்தோ வந்து இறங்குகிறவருக்கு உள்ளூர் மொழி தெரியாது. எந்தச் சாலையில் போகலாம், எந்தச் சாலையில் கண்ணிவெடி இருக்கிறது என்று தெரியாது. சோதனைச் சாவடியில் நிற்கும் சிப்பாய் சிரித்தால் நல்லதா கெட்டதா என்று தெரியாது. இதெல்லாம் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தால்தான் நிருபர் நிருபராக இருக்க முடியும். அந்த ஒருவரைப் பத்திரிகைக்காரர்கள் ஃபிக்சர் என்பார்கள், ஸ்டிரிங்கர் என்பார்கள், மொழிபெயர்ப்பாளர் என்பார்கள். கட்டுரைக்கு மேலே பெரும்பாலும் அவர் பெயர் வராது.

ஷான்பெர்க்கின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது இதற்காகத்தான் முக்கியம். புகழும் விருதும் பெற்ற ஒரு நிருபர், அந்தப் புகழில் பாதி யாருடையது என்பதைத் தானே வெளிப்படையாக எழுதிவைத்தார். அப்படிச் செய்தவர்கள் அதிகம் பேர் இல்லை.

முதலில் அவர் யார் என்று பார்த்துவிடலாம். 1934-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிளின்டன் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். அப்பா மளிகைக் கடை வைத்திருந்தவர். ஹார்வர்டில் படித்து 1955-ல் பட்டம் வாங்கினார். 1959-ல் நியூயார்க் டைம்ஸில் சேர்ந்தபோது கிடைத்தது பெரிய வேலை ஒன்றும் இல்லை. 'காப்பி பாய்', அதாவது எழுதிய தாள்களை ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் எடுபிடி வேலை. ஹார்வர்டு பட்டதாரி! அங்கிருந்து மெல்ல மெல்ல நிருபராகி, பத்து வருடம் கழித்து 1969-ல் டெல்லி அலுவலகத்தின் தலைவராக இந்தியா வந்து சேர்ந்தார்.

டெல்லியில் இருந்ததால்தான் அவருடைய முதல் பெரிய செய்தி கிடைத்தது. 1971 மார்ச் 25 இரவு டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் தன் சொந்தக் குடிமக்கள் மீதே தாக்குதலைத் தொடங்கியது. பல்கலைக்கழகம், காவலர் குடியிருப்பு, குடிசைப் பகுதிகள் என்று எதுவும் தப்பவில்லை. அன்று ஊரில் இருந்த வெளிநாட்டு நிருபர்கள் எல்லோரையும் இன்டர்கான்டினென்டல் ஹோட்டலுக்குள்ளேயே அடைத்து வைத்தார்கள். ஷான்பெர்க் அவர்களில் ஒருவர். ஜன்னல் வழியாகத் தெரிந்த தீயும் துப்பாக்கிச் சத்தமும்தான் செய்தி. பிறகு அவர்களில் பெரும்பாலோரை விமானத்தில் ஏற்றி நாட்டைவிட்டு அனுப்பினார்கள். போகும் வழியில் குறிப்புகளையும் பிலிம் சுருள்களையும் பிடுங்கிக்கொண்டார்கள். ஆனால் தலைக்குள் இருந்ததைப் பிடுங்க முடியாதே? கண்டதை எழுதினார்.

அந்த வருடம் ஜூனில் மறுபடியும் அனுமதி கிடைத்து உள்ளே போனார். ஊர்களைச் சுற்றிப் பார்த்து எழுதினார். மறுபடியும் வெளியே தள்ளினார்கள். டிசம்பரில் போர் வந்தபோது இந்திய ராணுவத்துடன் சேர்ந்து டாக்கா நோக்கிப் போனார். அந்தச் செய்திகளுக்காக ஜார்ஜ் போல்க் விருது கிடைத்தது. பிற்பாடு கம்போடியாவுக்காகவும் அதே விருதை இன்னொரு முறை வாங்கினார்.

இப்போது கம்போடியா. 1970-ல் அங்கே இளவரசர் சிஹானுக் பதவியிலிருந்து இறக்கப்பட்டு, ஜெனரல் லோன் நோல் ஆட்சிக்கு வந்தார். அவருக்கு அமெரிக்க ஆதரவு. எதிர்ப்பக்கம் கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். பக்கத்து வீட்டு வியட்நாம் போர் சுவர் ஏறிக் குதித்து இங்கேயும் வந்துவிட்டது. அமெரிக்க பி-52 விமானங்கள் கிராமப்புறங்களில் குண்டு மழை பொழிந்தன. அகதிகள் தலைநகரில் வந்து குவிந்தார்கள். செய்தி சேகரிக்கப் போன நிருபர்களுக்கும் அது மரணக்கிணறு. 1970 முதல் 1975 வரை கம்போடியாவில் செத்தும் காணாமலும் போன பத்திரிகையாளர்கள் முப்பதுக்கும் மேல்.

அங்கே 1972-ல் ஷான்பெர்க்குக்கு அறிமுகமானவர்தான் டித் பிரான். 1942-ல் பிறந்தவர். சொந்த ஊர் சியெம் ரீப், அங்கோர் வாட் கோவிலுக்குப் பக்கத்தில். பிரெஞ்சைப் பள்ளியில் படித்தார். ஆங்கிலத்தைத் தானாகவே கற்றுக்கொண்டார். அமெரிக்க ராணுவத்துக்கு மொழிபெயர்ப்பாளர், படப்பிடிப்புக்கு வந்த ஆங்கிலக் குழுவுக்கு உதவியாளர், சுற்றுலா ஹோட்டலில் வரவேற்பாளர் என்று பல வேலை பார்த்தவர். போர் வந்து சுற்றுலா படுத்துவிட்டது. பிழைப்புக்காகத் தலைநகருக்கு வந்து நிருபர்களுக்கு வழிகாட்டியானார். 1973-லிருந்து அவர் நியூயார்க் டைம்ஸின் ஆள், அதாவது ஷான்பெர்க்கின் ஆள்.

வெறும் மொழிபெயர்ப்பு மட்டும் அவர் வேலை என்று நினைத்தால் தப்பு. கார் பிடிப்பது, பெட்ரோல் தேடுவது, அதிகாரியைச் சரிக்கட்டுவது, தந்தி அலுவலகத்தில் காத்திருந்து செய்தி போய்விட்டதா என்று பார்ப்பது, எங்கே அடி விழுந்தது என்று ஊர் வாயிலிருந்து பிடிப்பது... எல்லாம் அவர்தான். ஷான்பெர்க் கோபக்காரர். அவசரக்காரர். பிரானை விரட்டி விரட்டி வேலை வாங்கினார். இதைப் பிறர் சொன்னதைவிட அவரே அதிகம் எழுதியிருக்கிறார்.

இருவரும் சேர்ந்து என்ன சாதித்தார்கள் என்பதற்கு நியாக் லுவாங் ஒரு உதாரணம் போதும். 1973 ஆகஸ்ட் 6 அன்று, ஒரு பி-52 விமானம் தன் நேச நாட்டு ஊர் ஒன்றின் மீதே குண்டுகளைக் கொட்டிவிட்டது. மீகாங் ஆற்றங்கரையில் இருக்கும் நியாக் லுவாங் என்ற சிற்றூர். விமானத்தில் ஒரு சுவிட்சைத் திருப்ப மறந்ததால் வந்த வினை. செத்தவர்கள் 130-க்கும் மேல். காயம்பட்டவர்கள் 250-க்கும் மேல். அமெரிக்கத் தூதரகமோ பெரிய சேதம் ஒன்றும் இல்லை என்று சொன்னது. நிருபர்களை ஊருக்குள் கூட்டிப்போகவும் தயாராக இல்லை.

பிரான் படகு பிடித்தார். இருவரும் ஆற்று வழியாகப் போய் இறங்கினார்கள். தரைமட்டமான மருத்துவமனையையும், குடும்பத்தைப் பறிகொடுத்து நின்றவர்களையும் பார்த்தார்கள், பேசினார்கள். பேசியது யார்? கேள்வி ஷான்பெர்க்குடையது, வாய் பிரானுடையது. அழுதுகொண்டே சொல்லப்படும் வார்த்தையை முதலில் காதில் வாங்கியவர் பிரான்தான். உள்ளூர் ராணுவம் இருவரையும் பிடித்து வைத்தது. பிறகு விட்டது. செய்தி வெளியானபோது 'பெரிய சேதம் இல்லை' என்ற கதை உடைந்தது. சுவிட்சை மறந்த விமானப்படை அதிகாரிக்குக் கிடைத்த தண்டனை என்ன தெரியுமா? 700 டாலர் அபராதம்.

இனி 1975 ஏப்ரல். புனோம் பென்னைக் கெமர் ரூஜ் சுற்றி வளைத்துவிட்டது. ஏப்ரல் 12 அன்று அமெரிக்கத் தூதரகம் மூடப்பட்டு ஹெலிகாப்டர்கள் வந்து ஆட்களை ஏற்றிப் போயின. பிரானின் மனைவியும் நான்கு குழந்தைகளும் அன்று கிளம்பிவிட்டார்கள். பிரானும் போயிருக்கலாம். போகவில்லை. ஷான்பெர்க்கும் போகவில்லை.

இந்த இடத்தில் ஷான்பெர்க்கின் கணக்கு எப்படித் தப்பாயிற்று என்பதையும் சொல்லியாக வேண்டும். மறுநாள் ஏப்ரல் 13 அன்று அவர் எழுதிய கட்டுரை வெளியானது. அமெரிக்கர்கள் போய்விட்டால் இந்தோசீன மக்களில் பெரும்பாலோருக்கு வாழ்க்கை மேம்படும் என்பது அதன் தலைப்பின் சாரம். போர் நின்றாலே போதும், இதைவிட மோசமாக என்ன ஆகிவிடும் என்று அப்போது அங்கே நினைத்தவர்கள் பலர். ஐந்து வருடம் குண்டுகளுக்குக் கீழே செத்தவர்களை எண்ணியவருக்கு அப்படித் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் அது தப்பு. சாதாரணத் தப்பு இல்லை. அடுத்த நான்கு வருடங்களுக்குள் நாட்டு மக்களில் சுமார் கால்பங்கு பேர், ஏறத்தாழ 17 லட்சம் பேர், கொலையாலும் பட்டினியாலும் நோயாலும் மடிந்தார்கள். ஷான்பெர்க்கை விமர்சிப்பவர்கள் அந்தக் கட்டுரையைக் கடைசி வரை எடுத்துக் காட்டிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

கண்ணால் பார்த்ததை எழுதும்போது கூர்மையாக இருந்த பேனா, நாளை என்ன நடக்கும் என்று எழுதியபோது சறுக்கியது. தங்குவது என்ற முடிவும் ஓரளவு இந்தக் கணிப்பின் மேல்தான் நின்றது. கணிப்பு தப்பினால் விலை யார் கொடுப்பது? வெளிநாட்டுப் பாஸ்போர்ட் உள்ளவரா, இல்லாதவரா?

ஏப்ரல் 17 காலை கெமர் ரூஜ் படை நகருக்குள் நுழைந்தது. முதல் சில மணி நேரம் ஜனங்கள் வெள்ளைக் கொடி காட்டி வரவேற்றார்கள். போர் முடிந்தது என்று சந்தோஷம். ஷான்பெர்க், பிரான், லண்டன் சண்டே டைம்ஸ் நிருபர் ஜான் ஸ்வெய்ன், புகைப்படக்காரர் ஆல் ராக்காஃப் ஆகியோர் ஒரு மருத்துவமனைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்தார்கள். வாசலில் துப்பாக்கியுடன் சிறுவர்கள் என்றே சொல்லத்தக்க சிப்பாய்கள். தலையில் துப்பாக்கியை வைத்து, எல்லோரையும் ஒரு கவச வண்டிக்குள் ஏறச் சொன்னார்கள்.

வெளிநாட்டவர்கள் ஏறினார்கள். பிரான் மட்டும் ஏறாமல் வெளியே நின்று சிப்பாய்களுடன் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். உள்ளே இருந்தவர்கள், அவர் தப்பிக்கப் பார்க்கிறார் என்று நினைத்தார்கள். உண்மை நேர் எதிர். 'உன்னோடு எங்களுக்கு வேலையில்லை, நீ போ' என்று சிப்பாய்கள் பிரானை விரட்டியிருக்கிறார்கள். அவரோ தன்னையும் ஏற்றச் சொல்லி மன்றாடிக்கொண்டிருந்தார்! தான் கூட இல்லாவிட்டால் பேச ஆளில்லாமல் இவர்கள் கதை முடிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

வண்டி ஆற்றங்கரைக்குப் போனது. சுட்டு ஆற்றில் தள்ள வசதியான இடம். அங்கே பிரான் பேச ஆரம்பித்தார். இவர்கள் அமெரிக்கர்கள் இல்லை, பிரெஞ்சுப் பத்திரிகைக்காரர்கள், உங்கள் வெற்றியை உலகத்துக்குச் சொல்ல வந்தவர்கள் என்று கெஞ்சினார், குழைந்தார், விடாமல் பேசினார். பல மணி நேரம் கழித்து எல்லோரும் விடுவிக்கப்பட்டார்கள். ஷான்பெர்க்குக்கு அவர் பேசியதில் ஒரு வார்த்தையும் புரியாது. தன் உயிரைக் காப்பாற்றிய வாக்கியங்கள் என்னவென்றே தெரியாமல் உட்கார்ந்திருந்தார் அந்த மனிதர்.

பிறகு பிரெஞ்சுத் தூதரகத்தில் தஞ்சம். வெளியே, இருபது லட்சம் பேர் இருந்த நகரத்தை மொத்தமாகக் காலி செய்துகொண்டிருந்தார்கள். மருத்துவமனைக் கட்டிலோடு நோயாளிகளைத் தள்ளிக்கொண்டு போனதைத் தூதரகம் போகும் முன்பே கண்ணால் கண்டார்கள். சில நாட்களில் புது உத்தரவு வந்தது: தூதரகத்துக்குள் இருக்கும் கம்போடியர்கள் எல்லோரும் வெளியே வரவேண்டும்.

நண்பர்கள் ஒரு வழி தேடினார்கள். ஸ்வெய்னிடம் இன்னொரு பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தது. அதில் பெயரைத் திருத்தி, பிரானின் படத்தை ஒட்டி, அவரை வெள்ளைக்காரர் நாட்டுக் குடிமகனாகக் காட்டப் பார்த்தார்கள். கெமர் முகத்துடன் ஆங்கிலப் பெயர்! அது எடுபடாது என்று ஆகிவிட்டது. மாட்டினால் உள்ளே இருக்கும் எல்லோருக்கும் ஆபத்து. கடைசியில் பிரான் ஒரு மூட்டையை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டி, நடந்துபோகும் கூட்டத்தில் கலந்துவிட்டார். மூன்று நாள் முன்பு அத்தனை பேரையும் காப்பாற்றியவரை, அத்தனை பேரும் சேர்ந்தும் காப்பாற்ற முடியவில்லை.

ஏப்ரல் 30 அன்று முதல் லாரி வரிசை வெளிநாட்டவர்களை ஏற்றிக்கொண்டு தாய்லாந்து எல்லைக்குக் கிளம்பியது. ஷான்பெர்க் அதில் இருந்தார். பின்னால் வரவேண்டியவர்கள் பத்திரமாக வந்து சேரும் வரை எதுவும் எழுதுவதில்லை என்று நிருபர்கள் தங்களுக்குள் முடிவு செய்துகொண்டார்கள். அதனால் மே 9 அன்றுதான் அவருடைய நீண்ட செய்தி வெளியானது. உலகம் படித்தது. மறு வருடம் புலிட்சர் வந்தது.

எந்த நிருபருக்கும் இதைவிடப் பெரிய நாள் இல்லை. ஷான்பெர்க்குக்கு அது அப்படி இருக்கவில்லை. பிரானின் குடும்பம் சான் பிரான்சிஸ்கோவில் குடியேற உதவினார். எல்லையில் வேலை பார்த்த தொண்டு நிறுவனங்களுக்கும் தெரிந்த அதிகாரிகளுக்கும் பிரானின் படத்தை அனுப்பி அனுப்பி விசாரித்தார். எந்தப் பதிலும் இல்லை. விருதை வைத்துக்கொண்டு மூன்று வருடத்துக்கும் மேல் அவர் வாழ்ந்த குற்ற உணர்ச்சி, பின்னாளில் அவர் எழுதியதில் வரிக்கு வரி தெரியும்.

பிரான் அந்த நான்கு வருடத்தில் என்ன ஆனார்? படித்தவன் என்று தெரிந்தால் கொலை. பிரெஞ்சு தெரியும் என்றால் கொலை. அமெரிக்கருக்கு வேலை பார்த்தவன் என்றால் கேட்கவே வேண்டாம். அதனால் தான் ஒரு டாக்ஸி டிரைவர் என்று சொல்லிக்கொண்டார். நல்ல உடையையும் காசையும் எறிந்தார், முடியை வெட்டிக்கொண்டார், பாமரன்போல் பேசினார். சியெம் ரீப் அருகே ஒரு கிராமத்தில் வயல் வேலை. ஒரு கட்டத்தில் நாளைக்கு ஒரு கரண்டி அரிசிதான் சாப்பாடு. எலி, நத்தை, பூச்சி என்று கிடைத்ததைத் தின்று உயிர் வாழ்ந்தார். ஒருமுறை பசி தாங்காமல் வயலில் நெல் திருடி மாட்டிக்கொண்டார். அடித்து நொறுக்கினார்கள். யோசித்துப் பாருங்கள்: பிற மொழிக்காரர்களுக்கு வாயாக இருந்த மனிதர், வாயை மூடிக்கொண்டதால்தான் பிழைத்தார்.

1979 ஜனவரியில் வியட்நாம் படை வந்து கெமர் ரூஜ் ஆட்சியை விரட்டியது. பிரான் தன் ஊருக்குத் திரும்பினார். அவருடைய குடும்பத்தில் ஐம்பது பேருக்கு மேல் செத்திருந்தார்கள். மூன்று சகோதரர்களும் ஒரு சகோதரியும் அதில் அடக்கம். அப்பா பட்டினியால் இறந்திருந்தார். ஊர்க் கிணறுகளிலும் வயல்களிலும் எலும்புகள். கொலைக்களம் என்று அவர் இதைக் குறிப்பிட்ட சொற்கள்தான், 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' என்று பின்னாளில் உலகம் முழுக்கப் பரவியது.

வியட்நாமியர்கள் அவரை ஊர்த் தலைவராக ஆக்கினார்கள். அந்த வருடம் ஏப்ரலில் அந்த வழியாக வந்த கிழக்கு ஜெர்மனிப் பத்திரிகையாளர் மூலம் ஷான்பெர்க்குக்குச் செய்தி போனது: பிரான் உயிரோடு இருக்கிறார்! ஆனால் அமெரிக்கர்களுக்கு வேலை பார்த்தவர் என்பது புது ஆட்சியாளர்களுக்கும் தெரியவந்தது. இனி இருந்தால் ஆபத்து என்று பிரான் கிளம்பினார். கண்ணிவெடிகளுக்கு நடுவே காடு வழியாக நடந்து, 1979 அக்டோபர் 3 அன்று தாய்லாந்து எல்லையைத் தாண்டினார். தகவல் கிடைத்ததும் ஷான்பெர்க் பறந்து வந்து அகதி முகாமில் அவரைக் கட்டிக்கொண்டார். பல் உடைந்து, உடல் வற்றிப்போயிருந்தார் பிரான்.

1980 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் ஞாயிறு இதழில் ஷான்பெர்க் எழுதிய நீண்ட கட்டுரை வந்தது. தலைப்பு, 'டித் பிரானின் மரணமும் வாழ்வும்'. பிறகு அது புத்தகமானது. 1984-ல் ரோலண்ட் ஜோஃபே இயக்கத்தில் 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' படமானது. பிரானாக நடித்த ஹைங் ங்கோர் ஒரு டாக்டர். கெமர் ரூஜ் ஆட்சியில் அவரும் சிக்கித் தப்பியவர், நடிப்பு அனுபவமே இல்லாதவர். சிறந்த துணை நடிகருக்கான ஆஸ்கர் அவருக்குக் கிடைத்தது. கவனியுங்கள், 'துணை நடிகர்'! கதையில் சாவுக்குள் போய்த் திரும்பியவர் அவர்தான். இருந்தும் விருதுக் கணக்கில் துணைப் பாத்திரம். நிஜத்தில் நடந்ததேதான் அங்கும் நடந்தது.

ஷான்பெர்க்கின் மீதி வாழ்க்கையும் சும்மா போகவில்லை. நியூயார்க் டைம்ஸில் உள்ளூர்ச் செய்திப் பிரிவின் ஆசிரியரானார். 1981 முதல் நகர விஷயங்கள் பற்றிப் பத்தி எழுதினார். வெஸ்ட்வே என்ற பெரிய நெடுஞ்சாலைத் திட்டத்தைப் பத்திரிகைகள் சரியாக விசாரிக்கவில்லை என்று எழுதினார். தன் பத்திரிகையையும் சேர்த்துத்தான்! 1985-ல் பத்தி நிறுத்தப்பட்டது. இருபத்தாறு வருடம் வேலை பார்த்த இடத்தைவிட்டு வெளியேறி நியூஸ்டேயில் சேர்ந்தார். புகழ் பெற்றபின் அனுசரித்துப் போகிற ஆள் இல்லை என்பது இதிலிருந்தே தெரியும். 2016 ஜூலையில் 82 வயதில் இறந்தார்.

பிரான் 1980-லிருந்து அதே பத்திரிகையில் புகைப்படக்காரர். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கம்போடியப் படுகொலைகளைப் பற்றிப் பேசினார். 2008 மார்ச் 30 அன்று புற்றுநோயால் நியூஜெர்சியில் காலமானார். வயது 65. இப்போது அவர் படங்களுக்குக் கீழே அவர் பெயர் வந்தது. அதுவரை வராத பெயர்.

சரி, இது ஐம்பது வருடம் முந்தைய கதைதானே என்று தோன்றலாம். இல்லை. 2007-ல் ஆப்கானிஸ்தானில் ஒரு இத்தாலிய நிருபரையும் அவருடைய மொழிபெயர்ப்பாளர் அஜ்மல் நக்‌ஷ்பந்தியையும் ஓட்டுநரையும் தாலிபான்கள் கடத்தினார்கள். சிறையிலிருந்த தாலிபான்களை விடுவித்து நிருபரை மீட்டார்கள். ஓட்டுநரும் அஜ்மலும் கொல்லப்பட்டார்கள். 2009 செப்டம்பரில் குந்தூஸ் பக்கத்தில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஸ்டீபன் ஃபாரெல்லும் உடனிருந்த ஆப்கன் பத்திரிகையாளர் சுல்தான் முனாதியும் கடத்தப்பட்டார்கள். பிரிட்டிஷ் கமாண்டோக்கள் இரவில் வந்தார்கள். ஃபாரெல் மீண்டார். முனாதி துப்பாக்கிச் சூட்டில் இறந்தார். அவர் உடலை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள், குடும்பத்தார்தான் போய் எடுத்துவந்தார்கள். காபூல் பத்திரிகையாளர்கள் கொதித்துப் போனதில் என்ன தப்பு?

2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்தபோது நிலைமை கொஞ்சம் மாறியிருந்தது. பெரிய பத்திரிகைகள் தங்கள் ஆப்கன் ஊழியர்களையும் குடும்பங்களையும் வெளியே கொண்டுவர ஓடி ஓடி முயன்றன. நியூயார்க் டைம்ஸ் தன் ஆட்களை மெக்சிகோ வழியாகக் கொண்டுவந்தது. இப்போதெல்லாம் பல செய்திகளில் உள்ளூர் செய்தியாளரின் பெயரும் சேர்ந்து வருகிறது. இதற்கெல்லாம் பிரானின் கதையும் ஒரு காரணம் இல்லையென்று சொல்ல முடியாது. இருந்தாலும் பெரிய நிறுவனத்தில் நிரந்தர ஊழியராக இல்லாமல், நாள் கூலிக்கு வழி காட்டியவர்கள் எத்தனையோ பேர் பின்தங்கிவிட்டார்கள்.

ஷான்பெர்க்கை மன்னிக்கலாமா கூடாதா என்ற விவாதம் இப்போதும் உண்டு. பிரானை அவர் கட்டாயப்படுத்தித் தங்க வைக்கவில்லை. தங்குவது பிரானின் முடிவும்தான். தன் நாட்டுக்கு என்ன நடக்கிறது என்று உலகத்துக்குச் சொல்லவேண்டும் என்ற வெறி அவருக்கும் இருந்தது. அவரை வெறும் அப்பாவியாகக் காட்டுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. பிரான் கடைசிவரை ஷான்பெர்க்கைக் குறை சொல்லவில்லை, சகோதரனாகவே நினைத்தார். ஆனால் சம்பளம் கொடுப்பவர் 'நான் இருக்கப்போகிறேன், நீ?' என்று கேட்கும்போது, வாங்குபவர் சொல்லும் 'நானும்' எவ்வளவு சுதந்திரமானது? இருவருக்கும் ஒரே ஆபத்து என்று தோன்றிய நாட்களிலும், ஒருவருக்கு மட்டும் கடைசியில் ஒரு லாரி காத்திருந்தது.

இந்தக் கேள்விக்கு ஷான்பெர்க் சுலபமான பதில் தேடவில்லை. தன்னைக் கதாநாயகனாக எழுத எல்லா வசதியும் இருந்தும், தான் எப்படி விரட்டினார், எப்படிக் காப்பாற்றப்பட்டார், எப்படிக் காப்பாற்றத் தவறினார் என்பதை எழுதினார். அவர் எழுதியவற்றில் இன்றும் படிக்கப்படுவது புலிட்சர் வாங்கிய செய்திகளைவிட அந்த 1980 கட்டுரைதான். அதன் தலைப்பில் இருப்பது ஒரே ஒரு மனிதரின் பெயர், அது டித் பிரான். அடுத்த முறை தூரதேசத்துப் போர்ச் செய்தி ஒன்றைப் படிக்கும்போது, மேலே இருக்கும் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். கடைசி வரிக்குக் கீழே பொடி எழுத்தில் இன்னொரு பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள்.